கேம்பர் இழுக்க ஒரு பழைய டிரக்: ஸ்டிக்கரிலிருந்து எடைமேடை வரை

கேம்பர், அதாவது வண்டியின் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு டிரெய்லர் வாங்குகிற பலரும் அதைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கி, முன்பணமும் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் அதை எதில் மாட்டி இழுப்பது என்று யோசிக்கிறார்கள். வீட்டில் நிற்கும் வண்டி போதாது என்று தெரிந்ததும் அவசரமாகப் பழைய பிக்கப் டிரக் சந்தைக்குள் இறங்குகிறார்கள். அவசரக்காரர்களைப் பார்த்தாலே விற்பவருக்குத் தெரிந்துவிடும். அமெரிக்கா, கனடா சந்தையை மனதில் வைத்து எழுதியது இது. அங்கே அதிக எடை தாங்கும் ஹெவி டியூட்டி டிரக் என்றால் பெரும்பாலும் ஃபோர்ட் சூப்பர் டியூட்டியின் எஃப்-250, எஃப்-350, அல்லது செவ்ரோலே சில்வராடோ, ஜி.எம்.சி. சியரா, ராம் ஆகியவற்றின் 2500, 3500 வகைகள்தான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாயிரம் பவுண்டுக்குக் கீழே உள்ள டிரெய்லருக்கு, பகட்டு இல்லாத, பராமரிப்பு ரசீதுகள் உள்ள, பெட்ரோல் இன்ஜின் போட்ட ஹெவி டியூட்டி டிரக்தான் காசுக்கு மதிப்பு. டீசல் சத்தத்தில் மயங்கி வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தேவையே இல்லை.

முதலில் டிரெய்லரின் கணக்கு

டிரெய்லரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்ற எண் இருக்கும். எல்லாம் ஏற்றிய பிறகு டிரெய்லர் எட்டக்கூடிய உச்ச எடை அது. கணக்கை அதிலிருந்து தொடங்குங்கள். விற்பனையாளர் சொல்லும் 'வெற்று எடை' காகிதத்துக்கு மட்டும்தான் உதவும். நாற்பது கேலன் தண்ணீர் மட்டுமே சுமார் 330 பவுண்டு. அதன் மேல் பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரங்கள், படுக்கை, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் ஏறும். வெற்று எடையிலேயே ஊர் சுற்றிய குடும்பம் எதையும் நான் பார்த்ததில்லை.

சாதாரண டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை இணைப்புக் கொக்கியான ஹிட்ச் வழியாக டிரக்கின் மேல் இறக்கும். இதைக் குறைத்தால் டிரெய்லர் பின்னால் வாலாட்டத் தொடங்கும், அது உயிருக்கே ஆபத்து. டிரக்கின் பின்புறச் சரக்குத் தொட்டிக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீல் வகை என்றால் 15 முதல் 25 சதவீதம் வரை இறங்கும்.

8,500 பவுண்டு டிரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 13 சதவீதம் என்றால் ஹிட்ச் மேல் சுமார் 1,100 பவுண்டு. நான்கு பேர் 650. டிரெய்லர் இறக்கும் எடையை முன் அச்சுக்கும் பகிரும் கம்பிகள் கொண்ட ஹிட்ச் ஏறக்குறைய 100. தொட்டியில் ஜெனரேட்டர், விறகு, கருவிப்பெட்டி 300. மொத்தம் 2,150. டிரக் தன் முதுகில் தாங்க வேண்டிய சுமை இது. இதைத்தான் பேலோட் என்கிறார்கள். ஒரு சாதாரண அரை டன் (1500, எஃப்-150 வகை) டிரக்கின் பேலோட் பெரும்பாலும் 1,400 முதல் 1,900 பவுண்டு வரைதான். இழுக்கும் திறன் தீர்வதற்கு முன்னாலேயே தாங்கும் திறன் தீர்ந்துவிடுகிறது. ஹெவி டியூட்டி தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

டிரக்கின் கதவைத் திறந்து பாருங்கள்

விளம்பரத்தில் '13,000 பவுண்டு இழுக்கும்' என்று போட்டிருக்கும். அந்த எண்ணை ஓரமாக வையுங்கள். பழைய டிரக்குகளில் இழுவைத் திறனை ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய விதத்தில் அளந்து போட்டுக்கொண்டது. எஸ்.ஏ.ஈ. ஜே2807 என்ற பொது அளவுமுறையை டொயோட்டா 2011 மாடல்களில் ஏற்றது, மற்றவர்கள் அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அரிசோனாவில் டேவிஸ் டேம் அருகே 11.4 மைல் நீளும் ஏற்றத்தை அடிப்படையாகக் கொண்ட சோதனையும் அதில் உண்டு. அதிலும்கூட டிரக்குக்குள் தலைக்கு 150 பவுண்டு வீதம் இரண்டே பேர் இருப்பதாகத்தான் கணக்கு. உங்கள் குடும்பம் அந்தக் கணக்கில் இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் தெரியும் ஸ்டிக்கர். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். அந்த எண் அந்த ஒரு வண்டிக்கே உரியது. சன்ரூஃப், தோல் இருக்கை, நான்கு சக்கர இயக்கம் என்று சேரச் சேர அது குறையும். ஒரே ஆண்டு, ஒரே மாடல் வண்டிகள் இரண்டில் 800 பவுண்டு வித்தியாசம் இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். விளம்பரம் போட்டவரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த ஸ்டிக்கரின் புகைப்படம்தான். அனுப்ப மறுத்தால் அடுத்த வண்டிக்குப் போங்கள். ஜி.வி.டபிள்யூ.ஆர். 10,000 பவுண்டைத் தாண்டும் டிரக்குகளில் இந்த வாசகம் இல்லாமலும் போகலாம். அப்போது வண்டியை எடை போட்டு, ஜி.வி.டபிள்யூ.ஆரிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வாங்கியவர் பிற்பாடு போட்ட இரும்பு பம்பர், தொட்டி மூடி, கூடுதல் எரிபொருள் டாங்க் எதுவும் ஸ்டிக்கரில் ஏறியிருக்காது. அவற்றை நீங்கள்தான் கழிக்க வேண்டும்.

பெட்ரோலா, டீசலா

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. டீசல் இன்ஜினும் அதன் துணைப் பாகங்களும் பெட்ரோல் இன்ஜினைவிடப் பல நூறு பவுண்டு கூடுதல். ஆனால் முக்கால் டன் (2500, எஃப்-250) டிரக்குகளில் பலவற்றுக்கு ஜி.வி.டபிள்யூ.ஆர். பல ஆண்டுகளாக 10,000 பவுண்டிலேயே நிறுத்தப்பட்டிருந்தது, ஏனென்றால் அதற்கு மேல் போனால் வண்டி அடுத்த எடை வகுப்புக்குள் விழும். விளைவு, மலையையே இழுக்கும் டீசல் 2500 ஒன்றின் பேலோட் 2,000 பவுண்டை ஒட்டி நிற்கும். அதே வண்டி பெட்ரோலில் 3,000ஐச் சுற்றி இருக்கும். அதிகப் பணம் கொடுத்துக் குறைந்த முதுகுபலம் வாங்குகிறீர்கள். டீசல்தான் வேண்டும் என்றால் ஒரு டன், அதாவது 3500 அல்லது எஃப்-350 பாருங்கள்.

டீசலுக்கு நியாயமான காரணங்களும் உண்டு. உயரமான மலைப்பாதைகளில் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீத வலுவை இழக்கும், டீசலின் டர்போ அதை ஈடுகட்டிவிடும். இறக்கத்தில் இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வண்டியைப் பிடித்து நிறுத்துவது ஒரு வரம். 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீலை வருஷத்தில் பாதி நாள் இழுத்துத் திரிபவர் என்றால் டீசல் வாங்குங்கள், தப்பில்லை. ஆண்டுக்கு நான்கு வாரம் கேம்பிங் போகிறவருக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. ஒரு ஆயில் மாற்றத்துக்கே 10 முதல் 13 குவார்ட் ஆயில், மேலே எரிபொருள் ஃபில்டர்கள், புகையைச் சுத்தம் செய்யும் டி.இ.எஃப். திரவம் என்று செலவு தொடரும். சும்மா நிறுத்தி வைத்து, எப்போதாவது கடைக்கு மட்டும் எடுத்துப் போனால் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

எந்த இன்ஜின், எந்த ஆண்டு

பெட்ரோலில் கதை சுருக்கம். செவ்ரோலே, ஜி.எம்.சி. இரண்டையும் செய்யும் ஜி.எம்.மின் 6.0 லிட்டர் வி8 தாகம் பிடித்தது, ஏற்றத்தில் கத்தும், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும். 2020இலிருந்து அதன் இடத்தில் வந்த 6.6 நன்றாகவே பலசாலி. ஃபோர்டில் 2011இலிருந்து வந்த 6.2 நம்பலாம். அதற்கு முந்திய 6.8 வி10 நல்ல இழுவைக்காரன், ஆனால் ஸ்பார்க் பிளக் விஷயத்தில் சாபம் வாங்கியவன்: பழையதில் பிளக் எகிறிப்போகும், மூன்று வால்வு வகையில் கழற்றும்போது உள்ளேயே உடையும். பிளக் ஏற்கெனவே மாற்றப்பட்டதற்கு ரசீது இருந்தால் தைரியமாகப் பார்க்கலாம். ராமின் 6.4 ஹெமியில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது 'டிக் டிக்' கேட்டால் கவனியுங்கள். சூடானதும் நின்றுவிட்டால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் போல்ட் உடைந்திருக்கலாம், அது சமாளிக்கக்கூடிய செலவு. சூடான பிறகும் தொடர்ந்தால் வால்வுகளை இயக்கும் லிஃப்டர், கேம் பக்கம் சந்தேகம் போக வேண்டும்.

டீசலில்தான் ஆண்டு பார்த்து நடக்க வேண்டும்.

ஃபோர்டின் 6.0 பவர் ஸ்ட்ரோக், 2003 முதல் 2007 வரை, விலை கவர்ச்சியாக இருக்கும். காரணம் ஊருக்கே தெரியும்: ஆயில் கூலர் அடைக்கும், அதனால் புகையைக் குளிர்வித்து இன்ஜினுக்குத் திருப்பும் ஈ.ஜி.ஆர். கூலர் வெடிக்கும், கடைசியில் ஹெட் கேஸ்கெட் போகும். பார்க்கப் போகும்போது இன்ஜின் கணினியைப் படிக்கும் ஒரு ஸ்கேன் கருவி கொண்டுபோய், இன்ஜின் சூடான பிறகு நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டி, ஆயில் வெப்பத்துக்கும் கூலன்ட் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 15 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் கூலர் அடைத்துக்கொண்டிருக்கிறது. 2008–2010இன் 6.4ஐ எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் தொட மாட்டேன். அதற்கு முந்திய 7.3 டீசல் மெதுவானது, சத்தமானது, சாகாதது. 2003ஆம் ஆண்டோடு நின்றுபோனது என்பதால் இன்று கிடைப்பதில் இன்ஜின் நன்றாக இருந்து சேசிஸ் துருப்பிடித்ததாகத்தான் பாதி இருக்கும்.

ஜி.எம். டியூராமேக்ஸில் 2001–2004இன் முதல் வகை இன்ஜெக்டர் தொல்லை கொண்டது. 2006–2007இன் எல்.பி.இசட். வகைக்கு ரசிகர் கூட்டமே உண்டு, விலையும் அதற்கேற்ப இருக்கும். 2007இல் பழைய உடல், புதிய உடல் இரண்டும் விற்பனைக்கு வந்ததால் குழப்பம் வரும். வண்டி அடையாள எண்ணான வின்னின் எட்டாவது எழுத்து 'டி' என்றால் எல்.பி.இசட். இந்த இன்ஜினுடன் வரும் ஆலிசன் கியர்பாக்ஸ் இழுவைக்கென்றே பிறந்தது.

ராமில் கம்மின்ஸ். 5.9 காமன் ரெயில் இன்ஜினை, 2003 முதல் 2007 வரை, விரும்பாதவர் குறைவு. அதற்கு முந்திய 24 வால்வு வகையில் வி.பி.44 எரிபொருள் பம்ப் பலவீனம். 6.7இல் இன்ஜின் திடமானது, அதோடு வரும் 68ஆர்.எஃப்.ஈ. கியர்பாக்ஸ்தான் பலவீனம். 2013–2019 ராம் டிரக்குகளின் மாசுக்கட்டுப்பாட்டு மென்பொருள் தொடர்பாக கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது 2023 டிசம்பரில். அந்த ஆண்டு வண்டிகளுக்கு ரீகால் வேலை (நிறுவனமே அழைத்து இலவசமாகச் செய்யும் திருத்தம்) முடிந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் சி.பி.4. இது ஒரு எரிபொருள் பம்ப். 2011இலிருந்து ஃபோர்ட் 6.7, 2011–2016 டியூராமேக்ஸ், 2019–2020 ராம் ஆகியவற்றில் இருக்கிறது. உடைந்தால் இரும்புத் துகள் எரிபொருள் பாதை முழுவதும் பரவி, இன்ஜெக்டர் முதல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். பில் பத்தாயிரம் டாலரை நெருங்கும். ராமில் ரீகால் செய்து வேறு பம்ப் போட்டார்கள். மற்றவற்றில் துகளைத் தடுத்துத் திருப்பும் கிட் கிடைக்கிறது. விற்பவர் அதைப் போட்டிருக்கிறார் என்றால், வண்டியைப் பற்றி யோசித்து வைத்திருந்த மனிதர் என்று அர்த்தம்.

டீசலில் இன்னொரு பொறி, 'டிலீட்' செய்த வண்டி. புகை வடிகட்டி, ஈ.ஜி.ஆர். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அதையே பெருமையாக விளம்பரத்தில் போடுவார்கள். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி அது சட்டவிரோதம். கலிஃபோர்னியாவில் 1998 மாடல் முதலான டீசல் பிக்கப்களுக்கும் புகைச் சோதனை உண்டு என்பதால் அங்கே பதிவே ஓடாது. கழற்றியதைத் திரும்பப் போடும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

பலர் எட்டிப் பார்க்காத மூலைகள்

எல்லோரும் நான்கு கதவு, தோல் இருக்கை, பெரிய திரை வைத்த டிரக்கையே தேடுகிறார்கள். எக்ஸ்.எல்., ஒர்க் டிரக், டிரேட்ஸ்மேன் என்ற அடித்தட்டு வகைகளில் எட்டடித் தொட்டியுடன் வெள்ளை நிறத்தில் வருபவை சீந்துவாரின்றி நிற்கும். எடை குறைவு, எனவே பேலோட் அதிகம். நீளமான தொட்டி என்றால், திரும்பும்போது டிரெய்லர் கேபினில் இடிக்காமல் இருக்கப் போடும் நகரும் ஹிட்ச் ஃபிஃப்த் வீலுக்குத் தேவையில்லை. வீட்டு வாசலில் நிறுத்த இடம் இருக்கிறதா என்பதை மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

டிரக்தான் வேண்டும் என்றும் இல்லை. பெரிய குடும்பத்துக்கு ஃபோர்ட் எக்ஸ்கர்ஷன் (2000–2005), செவ்ரோலே சபர்பன் 2500 (2013 வரை), ஈ-350, எக்ஸ்பிரஸ் 3500 போன்ற வேன்கள் இருக்கின்றன. வேன் ஓட்டினால் கௌரவம் குறையும் என்று நினைப்பவர்களால்தான் அவை மலிவாகக் கிடைக்கின்றன.

யாரிடம் வாங்குவது? வயதாகி கேம்பிங்கை நிறுத்திக்கொள்ளும் தம்பதிகள்தான் என் முதல் தேர்வு. டிரக், ஹிட்ச், டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலர், ரசீதுக் கோப்பு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். கேம்பிங் காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது இவர்கள் விற்பனைக்கு வருவார்கள். அரசு அலுவலகங்கள், மின் நிறுவனங்கள் ஏலத்தில் விடும் வண்டிகளும் நல்லவை, ஒரு நிபந்தனையுடன். அதை அடுத்துச் சொல்கிறேன்.

காகிதமும் மணிக்கணக்கும்

ஓடிய மைலை மட்டும் பார்க்காதீர்கள். பெரும்பாலான ஹெவி டியூட்டி டிரக்குகளில் இன்ஜின் ஓடிய மணிநேரமும் பதிவாகியிருக்கும். மைலை மணியால் வகுத்துப் பாருங்கள். 1,20,000 மைல், 3,000 மணி என்றால் சராசரி 40 மைல் வேகம், நெடுஞ்சாலையில் வாழ்ந்த வண்டி. அதே மைலுக்கு 6,000 மணி என்றால் சராசரி 20தான், பாதி நாள் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்திருக்கிறது. பணியிட வண்டிகளில் இது சகஜம். அதுதான் நான் சொன்ன நிபந்தனை.

வின் எண்ணைப் போட்டுப் பார்த்தால் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.ஹெச்.டி.எஸ்.ஏ.வின் தளத்தில் முடிக்கப்படாத ரீகால் இலவசமாகத் தெரியும். ஆண்டுக்கு 4,50,000க்கும் மேற்பட்ட வண்டிகள் பொய் ஓடோமீட்டருடன் விற்கப்படுவதாக மதிப்பிட்டிருப்பதும் அதே அமைப்புதான். 2011 மாடல் முதல் 20 ஆண்டுகள் வரை மைலை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம். அதற்கு முந்திய மாடல்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் ரசீதில் எழுதியிருக்கும் மைலை வரிசைப்படுத்திப் பாருங்கள். கார்ஃபேக்ஸ் போன்ற வண்டி வரலாற்று அறிக்கையும் வாங்குங்கள், ஆனால் அதில் இல்லாத விபத்து நடக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நேரில் பார்க்கும் நாள்

'நான் வருவதற்கு முன் இன்ஜினைக் கிளப்ப வேண்டாம்' என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பேச்சோடு பேச்சாக பானெட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிரில் கிளம்ப மறுக்கும் வண்டி என்று நினைக்க உங்களுக்கு உரிமை உண்டு.

முதலில் படுத்துப் பாருங்கள், பிறகு ஏறிப் பாருங்கள். பழைய டிரக்கைக் கொல்வது பெரும்பாலும் துருதான், இன்ஜின் அல்ல. சாலையில் உப்பு கொட்டும் பகுதிகளில் ஓடிய வண்டி என்றால் சேசிஸ், பிரேக் குழாய்கள், பின் ஸ்பிரிங்கைத் தாங்கும் கொக்கிகள், எரிபொருள் டாங்கின் பட்டை எல்லாவற்றையும் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீர் என்றால் சரி. மொத்தென்றால் எழுந்து கைகுலுக்கிவிட்டு வந்துவிடலாம். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் பளபளக்கும் சேசிஸ் எனக்கு எப்போதும் பயம் தரும்.

அடுத்து ஹிட்ச். ஹிட்ச் செருகும் குழாயான ரிசீவரின் முள் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா, வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா, ஏழு முனை பிளக் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியின் நடுவே கனமான டிரெய்லரை மாட்டும் கூஸ்நெக் குண்டுக்கான துளை இருந்தால் வண்டி கனமாக இழுத்திருக்கிறது. அது குற்றம் இல்லை, ஆனால் கியர்பாக்ஸ் ஆயிலும் பின் ஆக்சில் ஆயிலும் எப்போது மாற்றினீர்கள் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டை ஆழமாக இருந்தாலும் வயது ஏறியிருந்தால் புது டயர் விலையைக் கழித்துப் பேசுங்கள். பின்னால் நான்கு சக்கரம் உள்ள வண்டிக்கு ஆறு டயர் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

ஆயில் மூடியின் உட்புறம் பால் நிறத்தில் பசை இருக்கிறதா, கூலன்ட் டப்பாவின் மூடியைச் சுற்றி வெள்ளையாகக் காய்ந்திருக்கிறதா என்பதையும் கிளப்புவதற்கு முன்பே பாருங்கள். ஸ்கேன் கருவியில் மாசுச் சோதனைகள் பல 'தயாராகவில்லை' என்று காட்டினால், உங்கள் வருகைக்காகப் பிழைக் குறியீடுகளை அழித்திருக்க வாய்ப்பு உண்டு.

ஓட்டும்போது நெடுஞ்சாலையில் ஒரு ஏற்றமாவது இருக்க வேண்டும். 40 முதல் 55 மைல் வேகத்தில் ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்துப் பிடியுங்கள். கல்லடுக்கிய சாலையில் போவதுபோல ஒரு நடுக்கம் வந்தால் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் கெட்டுக்கொண்டிருக்கிறது. சூப்பர் டியூட்டியிலும் ராமிலும் முன்பக்கம் பெரும்பாலும் முழு ஆக்சில் இருப்பதால், ஒரு பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டியரிங் வெறிபிடித்தாற்போல் ஆடும் நோய் வரலாம். டிராக் பார், பால் ஜாயின்ட் என்ற முன்பக்கப் பாகங்கள் தேய்ந்ததன் விளைவு அது. ஸ்டியரிங் டேம்பரை மட்டும் புதிதாகப் போட்டு மறைத்திருப்பார்கள். நான்கு சக்கர இயக்கத்தை ஒரு தடவை போட்டு எடுங்கள். முடிந்தால் ஒரு டிரெய்லரை மாட்டி ஓட்டிப் பாருங்கள். வெறும் வண்டியாக ஓடும்போது நல்ல பிள்ளையாக இருக்கும் கியர்பாக்ஸ் சுமை ஏறியதும் சுயரூபம் காட்டும்.

இவ்வளவும் பிடித்துப்போனாலும் விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். டீசல் என்றால் டீசல் மெக்கானிக். அவர் எழுதிக் கொடுக்கும் பட்டியல்தான் பேரத்துக்கு உங்கள் கையில் இருக்கும் சீட்டு. கேட்கும் விலையில் ஒரு பகுதியைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் திரவங்களையும் புதிதாக மாற்றவும், பிரேக் கன்ட்ரோலர் இல்லையென்றால் போடவும் முதல் மாதத்திலேயே அது தேவைப்படும்.

வாங்கிய பிறகு எடைமேடை

முதல் பயணத்துக்கு முன், டிரெய்லரில் எல்லாவற்றையும் ஏற்றி, குடும்பத்தையும் உட்கார வைத்து, லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடைக்குப் போங்கள். மூன்று தடவை எடை போட வேண்டும். எடையைப் பகிரும் கம்பிகளை இறுக்கி ஒரு தடவை, தளர்த்தி ஒரு தடவை, டிரெய்லரைக் கழற்றி டிரக்கை மட்டும் ஒரு தடவை. கம்பிகள் தளர்ந்த நிலையில் டிரக்கின் இரு அச்சுகளின் கூட்டு எடையிலிருந்து டிரக் மட்டும் நின்ற எடையைக் கழித்தால் ஹிட்ச் மேல் உண்மையில் இறங்கும் எடை கிடைக்கும். கம்பிகளை இறுக்கிய நிலையில், தளர்ந்தபோது முன் அச்சு இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் ஹிட்சைச் சரிசெய்து மறுபடி மேடை ஏறுங்கள். பின் அச்சின் எடை கதவுத் தூணில் போட்டிருக்கும் அச்சு வரம்பைத் தாண்டினால், தொட்டியிலிருக்கும் விறகும் ஜெனரேட்டரும்தான் முதலில் இறங்க வேண்டியவை.